காதைப் பார்த்தால் போதும்

“எனக்கும் படம் எடுக்கக் கத்துக் குடுங்களேன்.”

“ரெண்டு பேரும் கேமராவைப் பிடிச்சா வெளிச்சத்தை யாரு பிடிக்கறது?”

கல்யாணமான புதிதில், ஸ்டுடியோவின் பின்னறையில் நடந்த பேச்சு இது. அவர் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் நின்று துடைத்த துணியை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். கேலியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அந்தத் துணியாலேயே அவள் மூக்கு நுனியை ஒரு துடை துடைத்தார். அவளும் சிரித்துவிட்டாள். எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்த காலம் அது. சிரித்தபடியே அந்த ஆசையையும் துணியோடு சேர்த்து மடித்து வைத்தவள், பிறகு அதை வெளியே எடுக்கவே இல்லை. மகள் பிறந்தாள், படித்தாள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். இவள் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

பிடிப்பதென்றால் நிஜமாகவே பிடிப்பதுதான். மடித்தால் சல்லடை அளவுக்குச் சுருங்கி, விட்டால் பட்டென்று ஆள் மார்பளவுக்கு விரிகிற வட்டத் தட்டு. ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் வெள்ளை. வெளியில் படம் எடுக்கும்போது வெயில் முதுகுக்குப் பின்னால் விழும்படி ஜோடியை நிறுத்துவார் அவர். தலைமுடி ஓரத்தில் வெயில் மெல்லிய கோடு போடும். ஆனால் முகம் இருண்டு கிடக்கும். அந்த முகத்துக்கு வெளிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. தட்டைத் தாழ்த்திப் பிடித்தால் கீழேயிருந்து வெளிச்சம் ஏறி மணப்பெண்ணைப் பேய்க்கதைப் பெண்ணாக்கிவிடும். வெள்ளிப் பக்கத்தைக் கிட்டத்தில் காட்டினால் மாப்பிள்ளை கண் கூசி முகத்தைச் சுளிப்பார். செய்துகொண்டது சரிதானா என்று அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தவர் போல நிற்பார். கல்யாண வீட்டுக் குழந்தைகள் அவளுக்கு வைத்த பெயர் தட்டு அக்கா. பெரியவர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

ஜோடியை நிறுத்துவதில் அவர் கெட்டிக்காரர். எடையைப் பின்காலில் போடச் சொல்வார். தோளைக் கொஞ்சம் திருப்பி, முகவாயை முன்னே நீட்டித் தாழ்த்தச் சொல்வார். கைக்கும் இடுப்புக்கும் நடுவே சின்ன இடைவெளி விடாவிட்டால் எப்பேர்ப்பட்ட ஒல்லியும் பருத்துத் தெரிவார் என்பார். விறைத்து நிற்கிறவர்களைப் பார்த்து, “மின்சாரக் கம்பத்துக்கும் உங்களுக்கும் போட்டியா?” என்பார். ஒருவரை ஒருவர் பார்க்கச் சொன்னால் மட்டும் புது ஜோடிகள் கெடுத்துவிடுவார்கள். ஒன்று, வெட்கப்பட்டுச் சிரிப்பு பீறிட்டுவிடும். இல்லையென்றால் சண்டைக்கு நிற்பதுபோல முறைப்பார்கள். அதற்கு அவரிடம் ஒரு வித்தை இருந்தது.

“கண்ணைப் பாக்காதீங்க. காதைப் பாருங்க, போதும். படத்துல கண்ணைப் பாக்கற மாதிரியே விழும்.”

விழும். வெட்கம் வடிந்து, பார்வையில் ஒரு கனிவுகூட வந்துவிடும். எத்தனையோ வீட்டுக் கூடங்களில் தம்பதிகள் சட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் காதை ஒருவர் உருகி உருகிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த வேடிக்கை அது. எங்காவது விருந்துக்குப் போன வீட்டில் அப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் அவர் தன் காதை மெதுவாகச் சொறிந்துகொள்வார். அவள் தண்ணீர் குடிப்பதுபோல டம்ளருக்குள் சிரிப்பாள்.

அந்த வித்தையே அவரைக் காட்டிக்கொடுக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

கொஞ்ச மாதங்களாகவே அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பார்வை ஒரு பக்கமாக நழுவி நிற்கும். தேநீரைக் கையில் கொடுத்தால் டம்ளரைப் பார்க்காமல் டம்ளருக்குப் பக்கத்தில் பார்த்து வாங்குவார். கோபம் என்றுதான் நினைத்தாள். மகளின் பிரசவத்துக்குப் போனவள் சொன்னதைவிட அதிக நாள் தங்கிவிட்டாளே, அந்த வருத்தமாக இருக்கும். வாயைத் திறந்து திட்டினால்தான் என்ன? இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும் மனுஷரிடம் எப்படிக் குடித்தனம் நடத்துவது? அவளுக்கும் ரோஷம் வந்தது. சில நாள் தேநீரை மேசைமீது நங்கென்று வைத்தாள். அவர் சத்தம் வந்த இடத்தைக் கையால் தடவி டம்ளரை எடுத்துக்கொண்டார். அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிறகு அந்தக் கல்யாணப் படங்கள் வந்தன. மணப்பெண்ணின் அண்ணன் கடைக்கு வந்து ஒவ்வொரு படமாக மேசையில் வைத்தார். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவர் மெதுவாகத்தான் பேசினார்; தங்கையின் கல்யாணத்தை இன்னொரு தடவை நடத்த முடியாதே என்று மட்டும் சொன்னார். எல்லாப் படத்திலும் முகம் மங்கல். லென்சு பழுது என்றார் அவள் கணவர். அதைப் பழுது பார்க்கிறவரிடம் கொடுத்தார். பார்த்தவர், லென்சில் ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். அவனுக்கு என்ன தெரியும் என்று அவர் வீடு வரை திட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் அவர் வெளியே போயிருந்த மதியத்தில், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் அந்த லென்சை கேமராவில் மாட்டினாள். எப்படி மாட்டுவது, எதைத் திருகுவது என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்ற வருஷங்கள் போதும். கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டின் சமையலறையிலிருந்து கண்ணாடி உப்பு ஜாடியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தாள். ஜன்னல் வெளிச்சம் ஜாடியின் ஒரு பக்கத்தில் மட்டும் வழிந்தது. மறுபக்கத்துக்கு ஒரு வெள்ளைக் காகிதத்தைச் சாய்த்து வைத்து எடுத்தாள். ஒரு படம், இன்னொன்று, இன்னும் ஒன்று. கண்ணாடிக்குள் ஒவ்வொரு உப்புப் பரலும் தனித்தனியாகத் தெரிந்தது. லென்சு நன்றாகத்தான் இருந்தது.

படங்களை அழித்துவிட்டு, கெட்டுப்போன கல்யாணத்தைக் கணினியில் திறந்தாள். மணப்பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கினாள். கண்கள் புகை படிந்த மாதிரி இருந்தன. கொஞ்சம் நகர்த்தினாள். காது துல்லியமாக இருந்தது. காதுத் தோட்டின் கற்களை எண்ணிவிடலாம். அடுத்த படத்தில் மாப்பிள்ளையின் காது. அதற்கடுத்ததில் இருவருடையதும். ஒரு படத்தில்கூடக் கூர்மை தவறவில்லை. அது முகத்தின் மேல் விழாமல், கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது.

அவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கோபமே இல்லை அது. பார்வையின் நடுவில் ஏதோ போய்விட்டது அவருக்கு. நேராகப் பார்த்தால் அவள் முகம் காணாமல் போகிறது. காதைப் பார்த்தால்தான் ஓரப் பார்வையிலாவது அவள் கொஞ்சம் தெரிகிறாள். இத்தனை நாளும் அந்த மனுஷர் அவளைப் பார்க்கத்தான் பாடுபட்டிருக்கிறார். அதற்கு அவள் டம்ளரை நங்கென்று வைத்திருக்கிறாள்.

அழுகை வந்தது. ஆனால் அழுகைக்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால், உப்பு ஜாடியைப் படம் பிடித்தபோது வந்தது வேறொன்று. சந்தோஷம். சின்ன வயதுக்குப் பிறகு மறந்தே போன ஒரு சந்தோஷம். அதை நினைத்தால்தான் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவர் கண் எப்போது போகும் என்று காத்திருந்தவள் மாதிரி அல்லவா ஆகிவிட்டது?

கண் டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிப் பார்த்தாள். தனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது, துணைக்கு வாருங்கள் என்று சுற்றி வளைத்தாள். நீ போய்ட்டு வா என்றார். மகளிடம் தொலைபேசியில் சொல்ல வாயெடுத்து, குழந்தைக்குப் பல் முளைத்த கதையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். உங்களுக்குக் கண் தெரியவில்லை என்பதும், அந்தக் கேமராவை என்னிடம் தாருங்கள் என்பதும் அவளுக்குள் ஒரே வாக்கியமாகப் பின்னிக்கொண்டன. ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக வந்து விழும். ஆகவே இரண்டையும் சொல்லவில்லை.

கைகளால் மட்டும் சமாளித்தாள். முன்பெல்லாம் மரத்தடியில் யாராவது நின்றாலே அவர் பதறுவார். இலைகளுக்கு நடுவே ஒழுகும் வெயில் பொட்டுப் பொட்டாக முகத்தில் விழுந்தால், அம்மை போட்ட பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும் என்பார். போன மாதம் அவரே ஒரு ஜோடியை அப்படிப்பட்ட மரத்தடியில் நிறுத்தினார். அவள் தட்டை அவர்கள் தலைக்கு மேலே தூக்கி, பொட்டுகளை மறைத்தாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. தெரியாததுபோல இருந்தாரோ என்னவோ, அதுவும் அவளுக்குப் புரியவில்லை.

இன்றைய ஜோடிக்கு இன்று சாயங்காலம் மட்டும்தான் இருந்தது. மாப்பிள்ளை கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்ப்பவர். காலையில் கல்யாணம், நாளை விடியும் முன்னே துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். மணப்பெண் பள்ளிக்கூட ஆசிரியை. கூட வந்திருந்தது பெண்ணின் அத்தை மட்டும். தடித்த கண்ணாடி, அதைவிடத் தடித்த குரல்.

பகல் முழுக்க மேகம் மூடிக் கிடந்த வானம் சாயங்காலம்தான் கொஞ்சம் வெளுத்தது. பழைய கிடங்கு ஒன்றின் பின்புறத்தை அவர் தேர்ந்தெடுத்திருந்தார். உயரமான சுவர், உடைந்த படிகள், எதிரே புல் வளர்ந்த வெற்றிடம். இடம் நல்ல இடம்தான். சுவரின் நிழலில் நின்றால் எதிரே திறந்த வானத்தின் வெளிச்சம் முகத்தில் மெத்தென்று விழும். அதைக் கண் இல்லாமலே தேர்ந்தெடுக்க அவரால் முடிந்திருந்தது. ஜோடியை நிறுத்தப் படியேறும்போது அவர் சுவரைத் தொட்டுக்கொண்டே ஏறினார்.

மாப்பிள்ளை பெண்ணைவிட வெகு உயரம். அவரை ஒரு படி கீழே நிற்க வைத்தார்.

“கல்யாணமான அன்னிக்கே ஒரு படி கீழ இறக்கிட்டாங்களே மாப்பிள்ளை,” என்றாள் அத்தை. “பழகிக்குங்க.”

“கப்பல்ல நான் இருக்கறதே அடித்தட்டுதான் அத்தை,” என்றார் மாப்பிள்ளை. மணப்பெண் சிரிக்க முயன்றாள். அவள் கண்ணோரத்தில் காலையிலிருந்தே ஈரம் இருந்தது. ஒப்பனை செய்தவர் அதைப் பவுடர் பூசி மறைத்திருந்தார்.

மாப்பிள்ளைதான் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார். கப்பலில் அவர் படுக்கிற இடத்தில் தலைக்கு மேலே கையெட்டும் தூரத்தில் இரும்புத் தகடு இருக்குமாம். படுத்தால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். அங்கே ஒட்டிக்கொள்ள ஒரு படம் வேண்டும்.

“பெருசா எல்லாம் வேணாம் சார். இவ முகம் தெளிவா இருந்தா போதும்.”

“எடுத்துடலாம் தம்பி,” என்றார் அவர்.

பெண்ணைச் சுவர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பினார். மாப்பிள்ளையின் கையை அவள் முழங்கைக்கு அருகே கொண்டுபோய், அழுத்தாமல் தொட மட்டும் சொன்னார். விரல்களை விரித்து வைக்காதீர்கள், நண்டு மாதிரி இருக்கும் என்றார். பூச்செண்டை இடுப்புக்கு இறக்கச் சொன்னார். இரண்டு நெற்றிகளும் தொடட்டும், மூக்குகள் தொட வேண்டாம். குரல் பழைய குரலேதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்தக் குறையும் தெரியாது.

“கண்ணைப் பாக்காதீங்க. காதைப் பாருங்க, போதும்.”

அவள் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பித் தட்டைச் சாய்த்தாள். நெற்றிகளுக்கு அடியில் தேங்கியிருந்த நிழல் கரைந்தது. மணப்பெண்ணின் கண்மணிகளில் கண்ணுக்கொரு வெள்ளைப் புள்ளி வந்து உட்கார்ந்தது. அந்தப் புள்ளி வந்துவிட்டால் முகத்துக்கு உயிர் வந்துவிட்டதென்று அர்த்தம். அவர் எடுத்தார். நிறுத்தினார். மறுபடி எடுத்தார்.

எப்போதும் முதல் சில படங்களை எடுத்ததும் ஜோடியைக் கூப்பிட்டுக் காட்டுவார். பார்த்தால் அவர்களுக்குத் தைரியம் வரும் என்பார். இன்று கூப்பிடவில்லை. அத்தைதான் தானாகவே படியிறங்கி வந்து அவர் தோளருகே எட்டிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“எனக்குத்தான் கண்ணு போயிடுச்சு போல. மங்கலா தெரியுது.”

அத்தை மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணாடி மாற்றி வருஷமாகிறது, மருமகளே, நீ வந்து பாரு என்று கூப்பிட்டாள். மணப்பெண் வந்தாள். திரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

“காத்துல கொஞ்சம் அசைஞ்சுட்டீங்கம்மா,” என்றார் அவர். “இன்னொண்ணு எடுக்கலாம்.”

காற்றே இல்லை. வெற்றிடத்தில் புல் நுனிகூட ஆடவில்லை. மணப்பெண் சரி என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சொல்லும் பொய்களைத் தினமும் கேட்கிறவள். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அதுதான் தட்டு அக்காவுக்குத் தாங்கவில்லை.

மேற்கே மேகம் மறுபடி கூடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. சுவரின் சாம்பல் நிறம் கருநீலமாக மாற ஆரம்பித்துவிட்டது. அவள் வெள்ளிப் பக்கத்துக்கு மாற்றினாள். எதிர்வானத்தில் மிச்சமிருந்ததைத் திரட்டி அந்த இரண்டு முகங்களிலும் கொண்டுபோய்க் கொட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம்தான். அதற்குப் பிறகு எவ்வளவு சாய்த்தாலும் தட்டில் ஒன்றும் இருக்காது.

அவர் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தார். எடுக்கவில்லை. இறக்கினார். மறுபடி வைத்தார். அவருடைய தோள்கள் மெல்ல ஏறி இறங்குவதை அவள் பார்த்தாள். 

“ஏம்மா,” என்றார், திரும்பாமலே. “வெளிச்சம் முகத்துல விழுதா?”

அவரிடமிருந்து அவள் கேட்டறியாத கேள்வி அது. ஏத்து, இறக்கு, இந்தப் பக்கம், போதும். இத்தனை வருஷமும் அவர் சொன்ன வார்த்தைகள் அவ்வளவுதான். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று அவளிடம் அவர் கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

“விழுதுங்க.”

“ரெண்டு பேர் முகத்துலயுமா?”

“ரெண்டு பேர் முகத்துலயும்தான்.”

அவர் தலையசைத்தார். கேமராவின் முதுகில், கூர்மை விழும் புள்ளியை நகர்த்துகிற பொத்தானில் அவர் கட்டைவிரல் நகர்ந்தது. ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு, பக்கவாட்டில். எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். முகத்தைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டி, அவரால் பார்க்க முடிகிற ஒரே இடத்துக்கு.

படியில் மாப்பிள்ளை அசையாமல் மணப்பெண்ணின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல் தவறாத மனுஷர். ஆனால் மணப்பெண் சொன்னதைக் கேட்கவில்லை. அவள் கண்களை நிமிர்த்தி அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், நாளைக்கு அந்தக் கண்கள் இங்கே இருக்கப் போவதில்லை என்பதைப் போல. எந்த வித்தையும் தேவைப்படாத பார்வை. இரும்புத் தகட்டில் ஒட்டிவைத்து வருஷக்கணக்கில் பார்க்கத் தகுந்த பார்வை. இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும், இவள் தலையைக் குனிந்துகொள்வாள், கேமராவோடு நிற்கிற அவர் காதுத் தோட்டை மட்டும் துல்லியமாக எடுத்துக் கொடுப்பார்.

தட்டு அக்கா தன் இடத்தை விட்டு நகர்ந்தாள். படம் எடுக்கும் நடுவில் தட்டோடு அவள் நகர்ந்தது அதுவே முதல் தடவை. அவள் போகப் போகப் படியில் இருந்த இரண்டு முகங்களும் மங்கின.

“என்ன, இருட்டாச்சு?” என்று அவர் கேமராவை இறக்கினார். காலடிச் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். அவள் மிக அருகில் நின்றாள். அவர் அவள் காதைப் பார்த்தார். அவளைப் பார்ப்பதற்காக, தன்னால் முடிந்த மட்டும், அவள் காதைப் பார்த்தார். அவர் உதடு ஏதோ சொல்ல வந்து நின்றது. தன் கண் போய்க்கொண்டிருப்பது அவருக்கும் தெரியும் என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது.

தட்டின் விளிம்பை அவருடைய இடது கையில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடித்து அதைப் பிடிக்க வைத்தாள். அவர் பிடித்துக்கொண்டார். வலது கையில் கேமரா அப்படியே இருந்தது, பட்டை மணிக்கட்டில் இறுகச் சுற்றியபடி.

“இதைப் பிடிச்சுக்குங்க. எந்தப் பக்கம் சாய்க்கணும்னு நான் சொல்றேன்,” என்றாள். குரல் உடையப் பார்த்தது. உடையவிடவில்லை. “ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேங்க. கேமராவை எங்கிட்ட குடுங்க.”